வாசனை சேர்க்கும் நேரம்

பிப்ரவரி 6

நாற்பத்து இரண்டாவது பேட்ச். இருபது கிலோ கைக் கிரீம்.

நான் வருவதற்குள் அக்கா தண்ணீர்ப் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றியிருந்தாள். எண்ணெய்ப் பாத்திரம் என் பொறுப்பு. இரண்டும் எழுபத்தைந்து டிகிரிக்கு வந்ததும் ஒன்றாக ஊற்றிக் கடைய வேண்டும். தண்ணீராக இருந்தது பாலாகி, பால் வெண்ணெயாகத் திரளும் அந்தப் பத்து நிமிடம் — இத்தனை முறை பார்த்தும் வாயைப் பிளந்துகொண்டுதான் நிற்கிறேன்.

“வாயை மூடுடி, உள்ள விழுந்துடப்போகுது.”

நாற்பது டிகிரிக்கு ஆறியதும் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். வாசனை சேர்க்கும் நேரம். அது மட்டும் அவளுடையது. என்ன பூ, எத்தனை சொட்டு, எனக்கும் தெரியாது. “உனக்குச் சொன்னா நோட்டுல எழுதி வச்சிடுவ” என்பாள். உண்மைதான். எழுதிவிடுவேன்.

பதினைந்து நிமிடம். ஒரு நாளில் நான் புத்தகம் படிப்பது அந்தப் படியில்தான்.

திரும்பிப் போனபோது என் டப்பா மேசைமேல் இருந்தது. நீல மூடி. கடைக்குப் போகிறவற்றுக்கெல்லாம் வெள்ளை மூடி. வாசனை சேர்ப்பதற்கு முன்பே எனக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுவாள். என் தோலுக்கு வாசனை ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று.

“முதல் கரண்டி உனக்குத்தான். எடுத்துட்டுப் போ.”

பிப்ரவரி 9

புது லேபிள் அச்சாகி வந்தது. முன்பக்கம்: பதப்படுத்திகள் அறவே இல்லை. பின்பக்கம், சாய்ந்த எழுத்தில்: என் தங்கையின் கைகளுக்காக நான் செய்தது.

கூச்சமாக இருக்கிறது. யார் யாரோ வாங்கும் டப்பாவின் முதுகில் என் கை.

ஆனால் அது கட்டுக்கதை இல்லை. ஐந்து வருடத்துக்கு முன், பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, என் விரல்கள் வெடித்துப் பிளந்தன. பேனா பிடிக்க முடியவில்லை. எந்த ரசாயனம் ஆகவில்லை என்று பார்க்கத் தோல் டாக்டர் முதுகில் முப்பது சின்ன ஒட்டுகளை ஒட்டினார். நான்காம் நாள் ஒன்று மட்டும் சிவந்து கொப்பளித்திருந்தது. பெயர் அரை வரி நீளம், எம்.ஐ. என்று சுருக்கிச் சொல்வார்கள். தண்ணீர் சேர்ந்த எதுவும் கெடாமல் இருக்கப் போடுவது. ஷாம்பு, கிரீம், பாத்திரம் கழுவும் திரவம், சுவர் பெயின்ட். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. எனக்குச் செய்யும்.

அன்று கூட வந்தவள் அக்கா. என் முதுகைப் படம் எடுத்து எனக்குக் காட்டியவள். அந்தப் பெயரைத் தாளில் எழுதி வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டவள். கடை கடையாக ஏறி டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, “எதை எடுத்தாலும் இருக்குடி” என்று சலித்து, கடைசியில் தன் சமையலறையில் தானே கடைய ஆரம்பித்தவள்.

இரண்டு வருடத்தில் என் கை ஆறியது. நான் வேலையை விட்டுவிட்டு அவளோடு சேர்ந்தேன்.

பிப்ரவரி 15

போன மாதப் பேட்ச்சின் இருபத்தெட்டாம் நாள் எண்ணிக்கை: சைபர்.

கிரீமுக்குள் நாமே கிருமிகளை விட்டு, ஏழாம் நாள், பதினாலாம் நாள், இருபத்தெட்டாம் நாள் எத்தனை பிழைத்திருக்கின்றன என்று தட்டில் வளர்த்து எண்ணுவது. பதப்படுத்தி இல்லாத கிரீம் இதில் தேறுவது கடினம். எங்களுடையது தேறுகிறது. ஒவ்வொரு முறையும்.

முதல் வருடம் அப்படி இல்லை. மூன்றாம் மாதம் பன்னிரண்டு டப்பாவில் கறுப்புப் புள்ளி. ஏதாவது ஒரு பதப்படுத்தியைப் போடுவோம், பெயரை லேபிளில் எழுதிவிடுவோம் என்று அன்று நான் மன்றாடினேன். பாரபென்கூடப் போதும், பெரும்பாலான தோலுக்கு அது சாது. அக்கா கேட்கவில்லை. “அந்தப் பேரைப் பார்த்ததும் டப்பாவைக் கீழ வச்சிடுவாங்க. உன் பாடப்புத்தகத்தை யாரு படிச்சிருக்கா?” ஆறு மாதம் மல்லுக்கட்டித் தண்ணீரைக் குறைத்தேன், புளிப்பைக் கூட்டினேன். அன்றிலிருந்து சைபர்.

என் சூத்திரம். யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது எனக்குள் ஒரு சிறுமி குதிக்கிறாள்.

அத்தான் பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டே கேட்டார்: “என்ன விஞ்ஞானி, இன்னைக்கு எத்தனை உயிர் போச்சு?”

“எல்லாமே.”

“நல்லவேளை, எனக்குக் கல்யாணம் ஆனது உங்க அக்காவோட.”

பிப்ரவரி 21

நூலக மாடியில் கூட்டம். அழகுப் பொருள்களில் பதப்படுத்திகள்: பயமா, பாதுகாப்பா? தோல் டாக்டரும் நானும் பேச்சாளர்கள். கீழே அறுபது பேர். பாதிப் பேர் கோபமாகவே வந்திருந்தார்கள்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பாரபென் உடம்பில் ஹார்மோன்போல மெலிதாக வேலை செய்யலாம் என்று ஆய்வுக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். அனுமதித்த அளவில் பூசி ஆளுக்குக் கெடுதல் வந்ததென்று உறுதியான சான்று இல்லை. ஆனால் பயம் பரவியது. அதை எடுத்துவிட்டு எம்.ஐ. போன்றவற்றை அதிகம் போட்டார்கள். ஒவ்வாமை கூடியது. “சிங்கத்துக்குப் பயந்து ஓடினோம். ஓடின வழியில தேள் இருந்துச்சு.”

“அப்போ எதுவுமே போடாம இருக்க வேண்டியதுதானே!” — பின்வரிசை.

“போடலைன்னா அதுல வளர்றது உங்க கண்ணுக்குப் போகும்மா.”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் எழுந்து சைபர்களைக் காட்டினேன். பதப்படுத்திகள் பேய் அல்ல, ஆனால் எங்களுக்கு அவை தேவைப்படவில்லை என்றேன். கைதட்டினார்கள். டாக்டர் மட்டும் புருவத்தை உயர்த்தி, “அருமையான சூத்திரம்” என்றார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

முடிந்ததும் பள்ளியில் பாட்டு சொல்லித்தரும் ஓர் அம்மா வந்தார். பாட்டு டீச்சர். “எனக்கும் எம்.ஐ. ஆகாது. லேபிள் படிச்சுப் படிச்சே கண்ணாடி பவர் ஏறிப்போச்சு. உங்களதை நம்பி முகத்துல பூசலாமா?”

“எனக்கும்தான் ஆகாது டீச்சர். இதோ பாருங்க, என் கையே சாட்சி.”

கையைத் திருப்பிக் காட்டினேன். அவர் தொட்டுப் பார்த்தார். மூன்று டப்பா வாங்கினார்.

மார்ச் 2

பெரிய கடைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். முப்பது கிளை. அக்கா என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு அழுதாள்.

மார்ச் 14

பாட்டு டீச்சர் போன் செய்தார். கண் இமை இரண்டும் வீங்கித் தோல் உரிகிறதாம். பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று லீவு போட்டிருக்கிறார். “உங்க கிரீமா இருக்காதுன்னு தெரியும். நீங்களும் அதே ஆளு ஆச்சே. வேற எதுல இருக்கும்னு கேட்கத்தான்.”

அக்காவிடம் கேட்டேன். மூடி திருகிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“வீட்டுல பெயின்ட் அடிச்சாங்களான்னு கேளு.”

கேட்டேன். அடுத்த தெருவில் அடிக்கிறார்களாம். அப்படியானால் அதுவாகத்தான் இருக்கும் என்றேன். நன்றி என்றார். கிரீமை நிறுத்த வேண்டாம்தானே என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன்.

மார்ச் 19

அக்கா பொருட்காட்சிக்குப் போய் மூன்று நாள் ஆகிறது. வர இன்னும் இருபது நாள். என் நீல மூடி இன்று காலை தீர்ந்தது. போகும்முன் நிரப்பிவைக்க மறந்துவிட்டாள் போல. அவள் மறப்பவள் அல்ல. முப்பது கிளைகளின் மயக்கம்.

அலமாரியிலிருந்து ஒரு வெள்ளை மூடியை எடுத்துக்கொண்டேன். வாசனைதானே. நல்ல வாசனை. இத்தனை நாள் எதற்காக எனக்கு மட்டும் வாசனை இல்லாமல்?

மார்ச் 24

வலது கை மோதிர விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் அரிப்பு. பக்கத்து வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள் என்று அக்காவிடம் போனில் சொன்னேன்.

மார்ச் 27

வெடித்துவிட்டது. இரண்டு கையும். ஐந்து வருடத்துக்கு முந்தைய அதே இடங்கள், அதே வரிசை. தோல் எதையும் மறப்பதில்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன். அழுதுவிட்டேன். அவள் பின்னால் பொருட்காட்சியின் இரைச்சல்.

“நீ எதைப் பூசுற?”

“நம்மளதுதான்.”

“நீல மூடியா?”

“அது தீர்ந்துடுச்சு. வெள்ளை.”

மறுபடியும் இரைச்சல்.

“பக்கத்து வீட்டுல பெயின்ட் அடிக்கிறாங்கன்னியே. அதான். ரெண்டு நாள் அம்மா வீட்டுல போய்ப் படு. வாசனை வேற சேர்ந்துக்கிட்டு எரியும், வெள்ளையைப் பூசாத.”

பையில் துணி எடுத்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மார்ச் 30

தோல் டாக்டர் மறுபடியும் முதுகில் முப்பது ஒட்டு. குளிக்கக் கூடாது. அம்மா என் தட்டில் எல்லாவற்றையும் பிசைந்து வைத்து ஸ்பூனைச் செருகுகிறாள். இருபத்தேழு வயது.

ஏப்ரல் 3

நான்காம் நாள்.

டாக்டர் என் முதுகை நெடுநேரம் பார்த்தார். வாசனைப் பொருள்கள் எட்டு ஒட்டில் இருந்தன. எட்டும் சுத்தம். ஒன்று மட்டும் கொப்பளித்திருக்கிறது. அதே ஒன்று.

“தினமும் தொடுறீங்க. பக்கத்து வீட்டுப் பெயின்ட்டுக்கு இவ்வளவு வராது. வந்தாலும் முகத்துல வரும், விரல் இடுக்குல வராது. புதுசா என்ன?”

“ஒண்ணுமில்ல. எங்க கிரீம்ல வாசனை இல்லாததுக்குப் பதிலா வாசனை இருக்கிறதை —”

நிறுத்திவிட்டேன்.

டாக்டர் சீட்டில் களிம்பு எழுதினார்.

பஸ்ஸில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பெயின்ட். இந்தச் சொல்லை இதே குரலில் இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். மூடி திருகிக்கொண்டு. நிமிராமல்.

இல்லை. இருக்காது. என்ன பெண் நான்? அக்காவைப் போய் —

ஏப்ரல் 4

வேலையிடத்துக்குப் போனேன். யாரும் இல்லை.

வாசனை அலமாரிக்குப் பூட்டு கிடையாது. இருந்ததே இல்லை. ஒன்றரை வருடமாக என்னைத் தடுத்தது என் மரியாதை மட்டும்.

உள்ளே இரண்டு பழுப்புக் குப்பிகள். இரண்டிலும் அக்காவின் கையெழுத்து: வாசனை 1. வாசனை 2.

முதலாவதைத் திறந்தேன். பூ.

இரண்டாவதைத் திறந்தேன். முகர்ந்தேன். மறுபடி முகர்ந்தேன்.

எதுவும் இல்லை.

பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் கையுறை, மடித்து வைத்தபடி. வாசனை சேர்க்க எதற்குக் கையுறை?

கிருமி தடவிய தட்டுகளில் குப்பிக்கு ஒரு சொட்டு வைத்தேன். கிருமி தடவாத ஒரு தட்டில் நாற்பத்து இரண்டாவது பேட்ச்சின் வெள்ளை மூடி. இன்னொன்றில் என் காலி நீல டப்பாவின் விளிம்பைச் சுரண்டி எடுத்தது. ஒரே பானை. ஒரே நாள். நடுவில் நான் படியில் உட்கார்ந்திருந்த பதினைந்து நிமிடம் மட்டும்.

பிளந்த விரலில் கையுறை மாட்டுவது எப்படி இருக்கும் என்று எழுத முயன்றேன். வேண்டாம்.

ஏப்ரல் 7

வாசனை 1: சொட்டைச் சுற்றியும் கிருமி வளர்ந்திருக்கிறது. வெறும் பூ.

வாசனை 2: சொட்டைச் சுற்றி அகலமாக ஒரு வெற்று வட்டம். ஒன்றுகூட அண்டவில்லை.

வெள்ளை மூடி: சைபர்.

நீல மூடி: தட்டு முழுக்க. பச்சை, வெள்ளை, பிசுபிசுவென்று. நான் எதையும் விடவில்லை, தானாகவே இருந்தவை. இதைத்தான் கையில் பூசிக்கொண்டு, என்னைப்போல் உண்டா என்று திரிந்திருக்கிறேன்.

ஆக, என் சூத்திரம் ஒரு நாளும் வேலை செய்யவில்லை. ஒரே ஒரு நாளும்.

தண்ணீரைக் குறைத்தது நான். புளிப்பைக் கூட்டியது நான். சைபர் மட்டும் அவளுடையது.

அக்கா நாளை வருகிறாள்.

ஏப்ரல் 8

தட்டுகளை மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பையோடு உள்ளே வந்தவள் முதலில் என் கையைத்தான் பார்த்தாள். பிறகு தட்டுகளை. பையை இறக்கி வைக்கவில்லை.

“அலமாரியைத் திறந்தியா?”

“இரண்டாவது குப்பியில என்ன?”

“தெரிஞ்சுக்கிட்டுத்தானே கேட்கிற.”

“நீ சொல்லு.”

சொன்னாள். அரை வரிப் பெயரை ஒரு எழுத்து பிசகாமல். எங்களைப்போல் சுருக்கவில்லை. பர்ஸில் வைத்திருந்த தாளில் படித்த பெயர்.

“அளவுக்குள்ளதான் போட்டேன். ஒரு சொட்டுகூட மிஞ்சல. பன்னெண்டு டப்பா கறுத்துச்சே, அன்னைக்கு நீதான் சொன்ன, இதை ஒரு பிள்ளை கண்ணுல பூசினா கண்ணே போகும்னு. எனக்கு ராத்திரி தூக்கம் வரல. போடணும்னு சொன்னதே நீதான்.”

“போட்டுட்டு எழுதணும்னு சொன்னேன்க்கா. எழுதணும்னு.”

“எழுதினா யாரு வாங்குவா? அதுவும் இந்தப் பேரை?”

“எத்தனையோ இருக்கு. ஏன் இது?”

பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

“இதுதான் துளி போதும். வாசனை இல்ல, நிறம் இல்ல. நீ கண்டுபிடிக்க மாட்ட.”

அப்போது அத்தான் வாசலில் பெட்டியோடு நின்றார். பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார். அவருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும். சாட்சிக்குத்தான் தெரியாது.

“நான் என் சூத்திரம்னு நினைச்சேன்” என்றேன். அழக் கூடாது என்றுதான் இருந்தேன். “அறுபது பேர் முன்னாடி நின்னு சைபர் சைபர்னு —”

“உன் முகத்தைப் பார்த்தேன்டி. முதல் சைபர் வந்த அன்னைக்கு இங்கேயேதான் குதிச்ச. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம் எப்படிச் சொல்றது?”

“பாட்டு டீச்சருக்குப் பெயின்ட்டுன்னு சொல்லச் சொன்ன. எனக்கும் பெயின்ட்டுன்ன.”

“உன் கையில நான் எப்பவாவது போட்டேனா? சொல்லு. எப்பவாவது? ஒவ்வொரு தடவையும் உனக்குத் தனியா எடுத்து வச்சேன் இல்ல?”

“அதான்க்கா.”

“என்ன அதான்?”

“தனியா எடுத்து வச்ச பாரு. அதான்.”

மறந்துபோய்ப் போட்டிருந்தால், தெரியாமல் போட்டிருந்தால் மன்னித்துவிடலாம். நாற்பத்து இரண்டு பேட்ச்சில் முப்பதுக்கும் மேல், ஒவ்வொரு முறையும், நாற்பது டிகிரியில், என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு — முதலில் என் கரண்டியை எடுத்திருக்கிறாள். யாருக்கு என்ன ஆகும் என்று தெரிந்த கரண்டி அது.

நான் அதை அன்பு என்று எழுதிவைத்திருக்கிறேன். இந்த நோட்டிலேயே. முதல் பக்கத்தில்.

அன்புதானா அது? அதுவும்தான் என்று தோன்றுகிறது. அதுதான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 9

எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஏப்ரல் 11

பெரிய கடைக்காரர்களின் படிவம் வந்துவிட்டது. ஏழாவது கேள்வி: பதப்படுத்தி ஏதேனும் சேர்க்கப்பட்டுள்ளதா? கீழே, பரிசோதித்தவர் கையொப்பம்.

அக்கா படிவத்தை என் பக்கம் தள்ளினாள். “இந்த ஒரு தடவை. அடுத்த பேட்ச்சுல வேற ஒண்ணு போட்டு எழுதிடலாம். சத்தியமா.”

“இந்தப் பேட்ச் யாரு கைக்குப் போகும்?”

“எல்லாருக்குமா வருது? நூத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு.”

“அந்த ஒண்ணு நான்.”

“உனக்குத்தான் —”

முடிக்கவில்லை. தனியாக எடுத்து வைக்கிறேனே என்று சொல்ல வந்தாள்.

பேனாவை எடுத்தேன். களிம்பு வழுக்கியது. ஏழாவது கேள்விக்கு நேராக “ஆம்” என்று எழுதி, அந்த அரை வரிப் பெயரை எழுதினேன். கீழே கையெழுத்திட்டேன். அனுப்புவதும் கிழிப்பதும் அவள் பாடு. ஏப்ரனை ஆணியில் மாட்டினேன். சாவியை மேசைமேல் வைத்தேன்.

படியில் ஒரு நிமிடம் உட்கார்ந்தேன். பழக்கதோஷம்.

ஏப்ரல் 13

பாட்டு டீச்சர் வீடு. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். நான் தண்ணீர்கூடக் குடிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பெயர், அளவு, பெயின்ட், நீல மூடி. நடுவில் அவர் எழுந்து போய் மூன்று டப்பாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். இரண்டு காலி. மூன்றாவது பாதி.

“நிறுத்த வேண்டாம்னு நீங்க சொன்னீங்களேன்னு, வீங்கினப்புறமும் பூசினேன்.”

“எங்க அக்கா என்கிட்ட மறைச்சுட்டா டீச்சர். எனக்கு —”

“பொய் சொன்னது உங்க அக்கா. சரி. ஆனா நான் நம்பினது உங்க அக்காவை இல்லையேம்மா. அவங்களை நான் பார்த்ததுகூட இல்ல. நீங்க கையைக் காட்டினீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. சுருதி சரிசெய்வதுபோலச் சொன்னார்.

என் கையைப் பிடித்துப் பார்த்தார். அன்று நூலகத்தில் பார்த்ததுபோலவே. “களிம்பு போடுறீங்களா? போடுங்க” என்றார்.

அவரிடம் பெயின்ட் என்று சொன்னவள் நான். நானும் யாரோ ஒருவருக்கு அக்காதான்.

ஏப்ரல் 20

அம்மா: “ஒரு சொறிக்காகவா கூடப் பிறந்தவகிட்ட பேசாம இருக்க?”

“சொறிக்காக இல்லம்மா.”

“பின்ன?”

எனக்கு அவள் செய்த ஒரே கெடுதல், எனக்கு மட்டும் கெடுதல் செய்யாமல் இருந்தது. இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது? யாரிடமும் எப்படிச் சொல்வது?

மே 16

குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வரிசையாகப் பாட்டில்கள். எண் மட்டும், பெயர் கிடையாது. எந்தப் பாட்டிலும் என்னைத் தங்கை என்று கூப்பிடவில்லை. நிம்மதி.

விரல்கள் ஆறுகின்றன.

ஜூன் 22

மருந்துக் கடையில் ஓர் அடுக்கில் எங்கள் டப்பா. அவர்கள் டப்பா. முப்பது கிளையில் ஒன்று அல்ல, சின்னக் கடை. முன்பக்கம் வெறும் “கைக் கிரீம்”. திருப்பினேன். பொருள்களின் பட்டியல், கடைசி வரியில் ஒரு பதப்படுத்தி. எம்.ஐ. அல்ல, சாதுவான ஒன்று. முதல் வருடம் நான் மன்றாடியது. அதற்குப் பக்கத்திலேயே, “சிலருக்கு ஒவ்வாமை தரலாம், முதலில் முழங்கையில் பூசிப் பார்க்கவும்.” அவளுடைய வாக்கியம். எதைக் கடைந்தாலும் முதலில் தன் முழங்கையில் பூசிப் பார்ப்பவள் அவள்தான்.

சாய்ந்த எழுத்து இருந்த இடம் வெறுமையாக இருந்தது. தங்கை இல்லை. கை இல்லை.

எடுத்துவிட்டதற்கு நிம்மதிப்பட வேண்டும். அந்த வெற்றிடத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றேன்.

கடைக்காரர்: “நல்லாத்தான் இருக்கும்மா. முன்ன மாதிரி விக்கல, அவ்வளவுதான்.”

அடுக்கில் திருப்பி வைத்தேன்.

ஜூலை 9

ஞாயிறு. அத்தான் வந்தார். விஞ்ஞானி என்று கூப்பிட வாயெடுத்து, விழுங்கிவிட்டார். தாளில் சுற்றிய ஒன்றைக் கொடுத்தார்.

நீல மூடி.

தாளில் அக்காவின் கையெழுத்து: இதில் எதுவும் இல்லை. ஃப்ரிட்ஜில் வை. பத்து நாளில் தீர்த்துவிடு. மிஞ்சினால் கொட்டிவிடு.

“அவ வரலையா?”

“வந்திருக்கா. வண்டியில உட்கார்ந்திருக்கா.”

ஜன்னலுக்குப் போனேன். மாடியிலிருந்து பார்த்தால் வண்டியின் கூரையும், ஜன்னல் விளிம்பில் வைத்த ஒரு முழங்கையும் தெரிந்தன. வெயில் நேராக அந்த முழங்கைமேல் விழுந்துகொண்டிருந்தது. அவள் எடுக்கவில்லை. மேலே பார்க்கவும் இல்லை.

“கூப்பிடவா?” என்றார் அத்தான்.

“தண்ணி குடிக்கிறீங்களா?” என்றேன்.

குடித்தார். போனார். வண்டி கிளம்ப வெகுநேரம் ஆனது.

ஜூலை 10

டப்பாவை வேலைக்கு எடுத்துப்போனேன். ஒரு கிராம் அளந்து, கிருமியை விட்டு, இன்குபேட்டரில் வைத்தேன். உள்ளே ஒளித்துவைத்த ஏதாவது இருந்தால் அவை சாகும். இல்லையென்றால் வாழும்.

மேலாளர் எட்டிப்பார்த்தார். “இது எந்தத் தண்ணி?”

“வீட்டுதுங்க.”

ஜூலை 13

மூன்றாம் நாள். எண்ண முடியவில்லை. விளிம்பிலிருந்து விளிம்புவரை, ஒன்றின்மேல் ஒன்றாக வளர்ந்திருக்கின்றன.

அக்கா சொன்னது உண்மை. உள்ளே எதுவும் இல்லை.

தட்டை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தேன். இவ்வளவு கிருமியைக் கண்டு இதற்குமுன் நான் அழுததில்லை.

வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தேன். நீல மூடியைத் திருகி, ஒரு விரல் எடுத்து, இரண்டு கையிலும் பூசிக்கொண்டேன். எரியவில்லை. வாசனையும் இல்லை.

இன்னும் ஆறு நாளுக்கு வரும். இனி அவள் தருவது எதுவும் என் கைக்கு வந்துசேர மூன்று நாள் ஆகும்.